ஊர்ப் பெயர்தான் இனிஷியல்... காவிரிக் கரையில் ஓர் இசை விளையாட்டு!

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, செம்மங்குடி சீனிவாச ஐயர், பாபநாசம் சிவன், உமையாள்புரம் சிவராமன், வலங்கைமான் சண்முகசுந்தரம், நாகூர் ஹனீபா...

இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கண்டக்டர் ஊர் ஊராகக் கூப்பிடுவது போலவே இருக்கும். வேறு எந்தக் கலையிலும் இப்படி இருக்கிறதா தெரியாது. தஞ்சைப் பக்கத்து இசைக்காரர்களுக்கு அப்பா பெயரைவிட ஊர்ப் பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், ஒரு மாவட்ட மேப்பே வரைந்துவிடலாம்!

அந்த மேப்பைத்தான் இந்தக் கோடை விடுமுறையில் வரைந்தோம். வெறும் மேப்பாக இல்லை. தாயம், பரமபதம் மாதிரி தரையில் விரித்து விளையாடும் ஒரு பலகையாக.

காரணம், என் அண்ணன் மகளும் அவளுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேரும். எல்லோருக்கும் 13 வயது. காதில் எந்நேரமும் இயர்போன். 'என்ன பாட்டும்மா கேட்கிறே?' என்றால், 'தெரியலை அத்தை, அதுவா அடுத்தடுத்து வருது' என்றாள். அந்த 'அதுவா வருது'தான் என்னை யோசிக்க வைத்தது. இந்தப் பிள்ளைகள் பாட்டுக் கேட்காமல் இல்லை. நம் காலத்தைவிட அதிகமாகவே கேட்கிறார்கள். ஆனால், தேடிக் கேட்பதில்லை. போன் தருவதைக் கேட்கிறார்கள். போன் என்ன தரும்? நேற்று கேட்டதைப் போலவே இன்னொன்றைத் தரும். வீட்டிலிருந்து 15 கிலோமீட்டரில் நாதஸ்வரம் செய்கிற ஊர் இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது.

கும்பகோணத்தில் அண்ணன் வீட்டைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டோம். ஒரு பெரிய சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தண்ணீர் பாட்டில், கட்டுச்சோறு. கிளம்பிவிட்டோம்.

கல்லணையில் தொடக்கம்

பலகைக்கு எது முதல் கட்டம்? பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னது, கல்லணை. காவிரி இங்கேதானே பிரிகிறது! ஒரு பக்கம் கொள்ளிடம், இன்னொரு பக்கம் காவிரி, வெண்ணாறு, புது ஆறு. மே மாதம் என்பதால் பெரும்பாலும் மணல்தான் தெரிந்தது. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பதுதான் வழக்கம், அதன் பிறகுதான் இங்கே ஆறு ஆறாக இருக்கும் என்று சொன்னேன்.

பாலத்தின் மேல் நின்றபடியே முதல் விதி பிறந்தது. பலகையில் பாதை என்பது ஆறு. கல்லணையில் பாதை இரண்டாகப் பிரியும். காவிரி வழியாகப் போனால் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம், நரசிங்கப்பேட்டை, மயிலாடுதுறை, பூம்புகார். வெண்ணாற்றுப் பக்கமாக இறங்கினால் தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகூர். எந்த வழியில் போனாலும் முடிவில் கடல்.

பரமபதத்தில் ஏணி, பாம்பு உண்டு. நமக்குப் பாம்பு வேண்டாம் என்றார்கள் பிள்ளைகள். அதற்குப் பதில் 'தண்ணீர் திறப்பு' என்று ஓர் அட்டை. யார் எடுத்தாலும் எல்லோருடைய காயும் 4 கட்டம் முன்னால் நகரும். தண்ணீர் வந்தால் ஒருவர் வயலுக்கு மட்டுமா வரும்?

ஐந்து முகம், ஐந்து நடை

திருவாரூருக்குக் குடவாசல் வழியாகப் போனோம். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். சியாமா சாஸ்திரி 1762-ல், தியாகராஜர் 1767-ல், அவர்களுக்குப் பிறகு முத்துசுவாமி தீட்சிதர். மூவரும் 15 ஆண்டுகளுக்குள் ஒரே ஊரில் பிறந்திருக்கிறார்கள். அவர்கள் பிறந்த வீடுகள் இன்று நினைவு இல்லங்களாக இருக்கின்றன.

ஆனால், பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. தியாகராஜ சுவாமி கோயிலின் பஞ்சமுக வாத்தியம். பெரிய உலோகக் குடம், அதற்கு ஐந்து வாய். ஒவ்வொரு வாய்க்கும் தோல் போர்த்தியிருக்கும். ஐந்தும் ஐந்து விதமாக ஒலிக்கும். குடமுழா என்று பழைய பாடல்கள் சொல்வது இந்தக் குடும்பத்து வாத்தியத்தைத்தான்.

'ஒரே ட்ரம்ல அஞ்சு சவுண்டா?' என்று வாய் பிளந்தார்கள். தாளத்திலும் இப்படி ஐந்து இருக்கிறது என்று கமலாலயக் குளத்தின் படியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். திஸ்ரம் என்றால் தகிட, 3 எண்ணிக்கை. சதுஸ்ரம் என்றால் தகதிமி, 4. கண்டம், தகதகிட, 5. மிஸ்ரம், தகிட தகதிமி, 7. சங்கீர்ணம், தகதிமி தகதகிட, 9.

பத்தே நிமிடத்தில் தாயக்கட்டைக்கு வேலை போய்விட்டது! எங்கள் விளையாட்டில் உருட்ட எதுவும் கிடையாது. ஐந்து வகை நடை அட்டைகள் உண்டு. ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள சொற்கட்டைத் தொடர்ந்து நான்கு முறை தட்டுத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கை தட்டுவார்கள். சரியாகச் சொன்னால் 3, 4, 5, 7, 9 என அந்த எண்ணிக்கைக்குக் காய் நகரும். தடுமாறினால் 1 கட்டம்தான். 9 கட்டம் தாண்டும் ஆசையில் சங்கீர்ணத்தில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வேடிக்கையைப் பார்க்க வேண்டுமே!

மெழுகுக்குள் இருக்கும் சுரம்

தஞ்சாவூரில் வீணைப் பட்டறை. உள்ளே நுழைந்ததும் பலா மரத்தூள் வாசனை. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம்தான். குடம், தண்டி, யாளி முகம் எல்லாமே ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்ப்பதும் உண்டு. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வீணையில் 24 மெட்டுகள். அவற்றைப் பதிப்பது மெழுகின் மேல். அளவுகோல் வைத்து ஒட்டிவிடும் வேலை இல்லை இது. தந்தியை மீட்டி, காதால் கேட்டு, ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே என்று மெட்டை நகர்த்தி நிறுத்துகிறார்கள். சுரம் எங்கே இருக்கிறது என்று காதுதான் முடிவு செய்கிறது. எங்களோடு வந்த நான்கு பேரில் வழக்கமாக அதிகம் பேசுகிறவள் கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை.

அங்கேதான் விளையாட்டின் இதயமான விதிக்கு வழி கிடைத்தது. இசை விளையாட்டு என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது வினாடி வினா. 'இது என்ன ராகம்?' என்று கேட்பது. பாட்டு வகுப்புக்குப் போகிற ஒரு பிள்ளை கூட்டத்தில் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். மற்றவர்கள் போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தோற்பதைவிடப் பெரிய பயம், மற்றவர் முன்னால் தெரியாதவராகத் தெரிவதுதான்.

எனவே, சரி-தவறே இல்லாத விதி. ஓர் ஊரில் காய் வந்து நின்றதும் அந்த ஊரின் ஒலி 30 விநாடி ஒலிக்கும். வாத்தியத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. கேட்டதும் மனதில் வந்த ஒரே ஒரு சொல்லை எல்லோரும் சீட்டில் எழுத வேண்டும். மழை, ரயில், பாட்டி, பசி, எதுவானாலும் சரி. இரண்டு பேருடைய சொல் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு சுரம். யாருக்கும் ஒத்துப்போகவில்லையா? மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். அதன் பிறகுதான் அட்டையைத் திருப்பி வாத்தியம், ஊர், வாசித்தவர் பெயர் பார்க்கலாம். ச முதல் நி வரை ஏழு சுரமும் முதலில் சேர்ப்பவர் வெற்றி. இந்த விதியில் ஐந்து வருடம் பாட்டுக் கற்ற பிள்ளையும், நேற்றுவரை வீணையை நேரில் பார்க்காத பிள்ளையும் ஒன்றுதான்.

ஐயாற்றில் ஒரு பெண்ணின் கட்டம்

தஞ்சாவூரிலிருந்து வடக்கே 13 கிலோமீட்டர் போனால் திருவையாறு. தியாகராஜர் 1847-ல் மறைந்தார். அவருடைய சமாதி காவிரிக் கரையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆராதனை நாளில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்கள்.

அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தன் சொந்தச் சொத்தைப் போட்டு 1920-களில் அதைக் கட்டினார். அப்போது நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. கோயில் கட்டியவருக்கே இல்லை! அவர் சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஓர் ஆராதனை நடத்தினார். பின்னாளில் எல்லாக் குழுக்களும் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. 1952-ல் மறைந்த அவருக்கும் அங்கேயே நினைவிடம் இருக்கிறது.

'அப்போ திருவையாறு கட்டத்துல யார் படம் போடுறது, அத்தை?' என்றாள் அண்ணன் மகள். நான் பதில் சொல்வதற்குள் அவளே நாகரத்தினம்மாள் என்று எழுதிவிட்டாள். அந்தக் கட்டத்துக்கு ஒரு தனி விதியும் வைத்தாள். யாருடைய காய் அங்கே வந்தாலும், பின்தங்கியிருக்கும் ஒருவரைத் தன் கட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பழைய வீடு, புதிய நாதஸ்வரம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் நரசிங்கப்பேட்டை. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நாதஸ்வரம் இங்கேதான் உருவாகிறது. உடலுக்கு ஆச்சா மரம். அதுவும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. பல பத்தாண்டுகள் வெயிலும் காற்றும் கண்டு, ஈரமெல்லாம் வற்றிய மரம் வேண்டும். அதனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்திரம், சட்டங்களை வாங்கி வருகிறார்கள். யாரோ ஒரு பாட்டி வீட்டுத் திண்ணைத் தூண், யாரோ ஒரு பேத்தி கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு ஒலிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

முன்பு இருந்தது திமிரி நாதஸ்வரம். நீளம் குறைவு, சுருதி அதிகம். பக்கத்திலிருக்கும் திருவாவடுதுறையைச் சேர்ந்த ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கப்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீளமான, சுருதி தணிந்த பாரி நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தினார். வாசிப்பவரும் செய்பவரும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்ததால் நடந்த அதிசயம் இது.

நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தும் சீவாளி, ஆற்றோரம் வளரும் கொருக்கைத் தட்டையிலிருந்து வருகிறது. ஆக, ஒரு நாதஸ்வரத்துக்கு மரம், ஆறு, ஆசாரி, வித்வான் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சத்தம் வராது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஊதிப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது. கன்னம் சிவந்ததுதான் மிச்சம்.

இங்கே பிறந்தது 'பழைய மரம்' அட்டை. எடுத்தவர் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். ஆனால், அடுத்த சுற்றில் இரண்டு சுரம் கிடைக்கும். காத்திருந்தால் கிடைப்பது அதிகம் என்பதை ஆச்சா மரத்தைவிட வேறு யார் சொல்லித் தர முடியும்?

'எங்க தாத்தா எந்தக் கட்டத்துல?'

மூன்றாம் நாள் மாலை, வீட்டுக் கூடத்தில் சார்ட்டை விரித்திருந்தோம். கட்டங்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. நீடாமங்கலத்தில் தவில், நாகூரில் ஹனீபா, மயிலாடுதுறையில் எல்லாச் சமயத்தாரும் பாடும்படி கீர்த்தனைகள் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தஞ்சாவூரில் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர். பூம்புகாரில், கோவலனும் மாதவியும் கடற்கரையில் மீட்டிய யாழ்.

மூன்று நாளும் அதிகம் பேசாத பையன் ஒருவன் இருந்தான். சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், 'ஆன்ட்டி, எங்க தாத்தா பறை அடிப்பாரு. அவரு எந்தக் கட்டத்துல வருவாரு?' என்றான்.

கூடத்தில் ஊஞ்சலில் இருந்த என் பெரியப்பா சட்டென்று, 'அது சாவுக்கு அடிக்கிறதாச்சேப்பா' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் சுட்டது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் மகள் விடவில்லை. 'நாதஸ்வரம் கல்யாணத்துக்கு வாசிக்கிறதுதானே பெரிய தாத்தா? அதைச் சேர்த்திருக்கோமே. ஒரு வீட்டுல ரெண்டும்தானே நடக்குது?'

பெரியப்பா ஊஞ்சலை நிறுத்தினார். பதில் சொல்லவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. பறை என்ற சொல்லுக்கே 'சொல்' என்றும் பொருள் உண்டு. ஊருக்குச் செய்தி சொன்ன கருவி அது. அதை ஒரு தெருவுக்குள்ளும் ஒரு சடங்குக்குள்ளும் அடைத்து வைத்தது மனிதர்கள் செய்த வேலை. வாத்தியத்தின் குற்றம் அல்ல.

மறுநாள் காலை பையனின் ஊருக்குப் போனோம். தாத்தா வைக்கோலைக் கொளுத்தி, பறையின் தோலை அனலில் காட்டிக் காட்டிச் சூடேற்றினார். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு விரலால் தட்டிக் காட்டினார். சூடேற ஏற, தோல் இறுகி, 'தொப்' என்றிருந்த சத்தம் 'கண்' என்று மாறியது. தஞ்சாவூரில் மெழுகின் மேல் மெட்டை நகர்த்தியதும் இதுவும் ஒரே வேலைதான், காது கேட்டு சுருதி சேர்ப்பது! இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. பேரனைப் பக்கத்தில் நிற்க வைத்து அடி சொல்லிக் கொடுத்துக்கொண்டே வாசித்தார். மூன்று நாள் வாய் திறக்காத பையன் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிட்டான்.

30 விநாடி பதிவு செய்ய அனுமதி கேட்டோம். நாதஸ்வர வித்வானுக்குக் கொடுத்த அதே தொகையைக் கவரில் வைத்துக் கொடுத்தோம். விளையாட்டுக்குத்தானே என்று அவர் மறுத்தார். எல்லோருக்கும் கொடுத்தோம் என்றதும் வாங்கிக்கொண்டார். அட்டையில் அவர் பெயருக்கு முன்னால், மற்ற எல்லா வித்வான்களுக்கும் போலவே, அவருடைய ஊர்ப் பெயரை எழுதினோம். பேரன் அதை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினான்.

அன்றைக்கே இன்னொரு முடிவும் எடுத்தோம். எந்த ஊருக்கும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. திருவாரூருக்கும் ஒரு சுரம், பையனின் ஊருக்கும் ஒரு சுரம்.

நீங்களும் செய்யலாம்

பிளெக்ஸ் கடையில் 3 அடிக்கு 2 அடி அளவில் பலகையை அச்சடித்தோம். 21 ஊர்கள், இடையில் வெறும் கட்டங்கள். காய்களுக்குப் புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி, சட்டைப் பொத்தான். நான்கு பேர் முக்கால் மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிக்கலாம். உங்கள் ஊரில் செய்ய நினைத்தால் சில யோசனைகள்...

* பாதைக்கு உங்கள் ஆற்றையோ மலைச் சாலையையோ ரயில் பாதையையோ எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் என்றால் வைகை இருக்கிறது. கடம் செய்யும் மானாமதுரை அதன் கரையில்தான் இருக்கிறது. நெல்லைப் பக்கம் என்றால் தாமிரபரணி. காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர் அங்கே காத்திருக்கிறது.

* ஒலிகளை நீங்களே நேரில் போய்ப் பதிவு செய்யுங்கள். சினிமா பாட்டையோ கேசட்டையோ வெட்டிப் போடாதீர்கள். அனுமதி கேளுங்கள், சன்மானம் கொடுங்கள். பிள்ளைகள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

* போன் ஒன்றே ஒன்று போதும். அதுவும் பலகையின் நடுவில், ஒலி கொடுக்க மட்டும்.

* கட்டங்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிடாதீர்கள். நாலைந்தை வெறுமையாக விடுங்கள். விளையாட வரும் பிள்ளை, 'எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும்.

* விதிகளைப் பெரியவர்கள் எழுதாதீர்கள். 13 வயதுக்குப் பிடித்த விதி 13 வயதுக்குத்தான் தெரியும்.

எங்கள் பலகையில் இப்போது மூன்று கட்டங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்றுக்கு மெலட்டூர் பாகவத மேளம் என்கிறாள் ஒருத்தி. சீர்காழி முத்துத்தாண்டவர் வேண்டும் என்கிறான் இன்னொருவன். மூன்றாவது கட்டத்துக்கு ஆள் சொன்னவர் பெரியப்பா. அவர் சின்ன வயதில் வயலில் நடவுப் பாட்டுப் பாடிய ஒரு பாட்டி இன்னும் இருக்கிறாராம். தீபாவளி விடுமுறைக்கு எல்லோரும் போய்க் கேட்டு வருவதாக ஏற்பாடு. போனில் கேட்டால் 'அதுவா' வரக்கூடிய பாட்டு இல்லை அது. போய்த்தான் கேட்க வேண்டும்.